வற்றிய கிணற்றில் ஒரு பிள்ளையார்

வாளி கீழே போய்க்கொண்டே இருந்தது. ராட்டினம் கிரீச் கிரீச்சென்று கத்தியது. கயிறு என் கணவரின் கையிலிருந்து மெல்ல மெல்ல இறங்க, நான் மகள் நித்யாவின் கவுனைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். வாளிக்குள் எங்கள் களிமண் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வாடிய எருக்க மாலை, கண்ணுக்குக் குன்றிமணி, முதுகுப் பக்கம் செருகிய ரோஸ் காகிதக் குடை. குடையை நாங்கள் தனியாக எடுத்து வைத்துவிடத்தான் நினைத்தோம். "மழை வந்தா பிள்ளையார் நனைஞ்சிடுவார்" என்று நித்யா அழுததால் அதையும் சேர்த்தே அனுப்பினோம்.

பண்டிகை முடிந்த மூன்றாம் நாள் பிள்ளையாரைக் கிணற்றில் விடுவது எங்கள் வழக்கம். கீழே 'தொபுக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும்.

'டொக்' என்று வந்தது.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கிணற்றைப் பார்த்தேன். "ஒருவேளை ஓரத்துல இடிச்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் கயிற்றை ஆட்டி வாளியைச் சாய்த்தார். கொஞ்சமும் சேதமில்லாமல் பிள்ளையார் இறங்கி ஈர மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். குடைகூடச் சாயவில்லை.

"தண்ணியே இல்லையே?" என்றார் கணவர், ஏதோ நான் எடுத்து ஒளித்து வைத்துவிட்ட மாதிரி.

ஒரு வகையில் நான்தான் எடுத்திருந்தேன். பண்டிகைக்கு நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தாள். கொழுக்கட்டை அவிக்க, பாத்திரம் தேய்க்க, குழந்தைகளைக் குளிப்பாட்ட என்று மோட்டாரைப் போட்டுப் போட்டுக் கடைசிச் சொட்டு வரை இறைத்திருந்தேன். பிள்ளையாருக்கு எல்லாம் செய்தோம். அவர் கரைவதற்குத் தண்ணீர் மிச்சம் வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

எடுக்கலாமா, கூடாதா?

வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரைப் படித்துவரும் என் கணவர், "ஒவ்வொரு வாரமும் நான் அசடு வழியறேனே" என்று சென்ற வாரம் குறைப்பட்டுக்கொண்டார். இந்த வாரம் நானும் கூடவே வழிகிறேன். திருப்திதானே?

பிள்ளையார் உள்ளே உட்கார்ந்த செய்தி தெரு முழுக்கப் பரவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் வந்தவர் எதிர் வீட்டு விமலா டீச்சர். பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். எதையும் இரண்டு பக்கமும் சரிபார்த்துத்தான் பேசுவார்.

"வெளியில எடுத்துடலாமா டீச்சர்?" என்று கேட்டேன்.

"தண்ணியில விட்ட பிள்ளையாரைத் திருப்பி எடுக்கக் கூடாது கீதா."

"தண்ணியிலதான் விடவே இல்லையே."

டீச்சர் யோசித்தார். "அதுவும் கரெக்ட்டுதான்" என்றார்.

"மேலேர்ந்து நாலு வாளி ஊத்தினா கரைஞ்சிட்டுப் போறார்" என்றார் என் கணவர். நாலு வாளி! தெருமுனைக் கைப்பம்பில் வரிசையில் நின்று நான் கொண்டுவரும் தண்ணீர் அது. நித்யாவைக் குளிப்பாட்டிய தண்ணீரில் துணி அலசி, அலசியதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்த காலம். சாமியே கேட்டாலும் நாலு வாளி அதிகம் என்று பட்டது. அப்படிப் பட்டதற்காக அன்று முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டும் இருந்தேன்.

கடைசியில் யாரும் எதுவும் செய்யவில்லை. பிள்ளையார் அங்கேயே இருந்தார். விடிந்தால் மணலுக்கு ஓரமாக ஒரு குடம் தண்ணீர் ஊறும். அவர் காலடி வரை வரும், தொடாது. அதை எடுக்க வாளி விடும்போது அவர் தலையில் இடித்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இறைப்பேன். நித்யா கம்பி வலையில் முகத்தை அழுத்திக்கொண்டு, "பிள்ளையாரே, குளிச்சாச்சா?" என்று தினமும் கேட்பாள். கிணறு "ஆச்சா... ஆச்சா..." என்று அவளையே திருப்பிக் கேட்கும்.

அந்தக் கம்பி வலை என் ஏற்பாடு. நித்யா தவழ ஆரம்பித்த வாரமே கிணற்றின் மேல் வலை போட்டுப் பூட்டச் செய்தேன். பூட்டினேனா இல்லையா என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை போய் இழுத்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

மாம்பலம் என்ற மிரட்டல்

நாங்கள் கீழ்க்கட்டளைக்கு வீடு கட்டி வந்த புதிதில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. மனை பார்க்க வந்த அன்றைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, "இங்கேயே கட்டிடலாங்க" என்று சொன்னவள் நான்தான். இரண்டு வருஷம் மழை பொய்த்ததும் அந்த ஒரு வாய் தண்ணீர் என் தொண்டையில் வந்து அடைத்துக்கொண்டது.

"இந்த ஐப்பசிக்கும் கிணறு ஊறலேன்னா வீட்டைப் பூட்டிட்டு மாம்பலத்துக்கே போயிடலாம்" என்று என் கணவர் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மாம்பலத்தில் முன்பு நாங்கள் இருந்த பழைய ஒண்டுக்குடித்தனம். நித்யா ஓடுவதற்கு ஒரு நடை, எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல். இங்கே அவளுக்கு ஒரு வேப்பங்கன்று இருந்தது. ஓணான்கள் இருந்தன. போக எனக்கு மனசே இல்லை. ஆனால் குழந்தையைத் தண்ணீருக்குத் தவிக்கவிட்டு ஓணான் காட்டுகிற தாயும் ஒரு தாயா என்று மறுபடியும் யோசனை வரும்.

நான் பிறந்தது தர்மபுரிப் பக்கம். அங்கே வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்போம். டம்ளரில் மிச்சம் வைத்தால் அது வீட்டுக்காரர்களை மதிக்காத காரியம். கல்யாணமாகி வந்த புதிதில், மாம்பலத்தில் ஒரு விருந்தாளி அரை டம்ளர் தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அவருக்கு என் மேல் என்ன கோபமோ என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

ஊர்ப் பழக்கத்தில் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு சென்ட் விளைநிலம் இல்லாதவள் நான். ஆனாலும் வானொலியில் உழவர்களுக்கான நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்பேன். அந்த வருஷம் வறண்ட மாவட்டங்களைப் பற்றித்தான் பேச்செல்லாம். நிலத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக் குட்டை வெட்டுங்கள், ஓடுகிற மழையை அதில் திருப்பி விடுங்கள், பக்கத்துக் கிணறு தானாக ஊறும் என்றார் ஒருவர். நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பின்னால் பார்த்தேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருந்தது. நெல் விளைந்த காலத்தில் வயல்களின் தாழ்ந்த மூலை. தண்ணீர் தானாக வந்து நிற்கும் இடம். அந்தப் பள்ளத்தில் ஒரு லாரி, பின்பக்கத்தைத் தூக்கி, இடித்த வீட்டின் செங்கலும் சுண்ணாம்புமாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

தேவகி அக்காவின் கடையில்

பள்ளம் தேவகி அக்காவுடையது. இந்த ஊரின் பழைய குடும்பம். வயல்களை மனைகளாக விற்றது போக, மெயின் ரோட்டில் செங்கல், மணல், ஜல்லி, சிமென்ட் கடை வைத்திருந்தார். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகள் அவர் கொடுத்த செங்கல்தான்.

நான் தனியாகப் போகத் துணியாமல் விமலா டீச்சரையும் இழுத்துக்கொண்டு போனேன். தேவகி அக்கா தார்ப்பாய் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து லாரி டிரைவர் ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இன்னா டீச்சரம்மா, ஜோடியா வந்துகீறீங்க? ஜல்லியா, மணலா?"

"ரெண்டும் வேணாங்க. அந்தப் பள்ளத்துல ரப்பீஷ் கொட்டறதை நிறுத்தணும்" என்றார் டீச்சர்.

"தோடா! பள்ளத்த எவன் வாங்குவான்? மேடாக்கினாதான மனை போட முடியும்?"

நான், "அக்கா, ரேடியோவுல சொன்னாங்க, பண்ணைக் குட்டைன்னு ஒண்ணு..." என்று தொடங்கி, கேட்டதையெல்லாம் பரீட்சைக்கு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும், "ரேடியோக்காரனா வந்து என் மனைய வாங்கிக்கப் போறான்?" என்றார்.

டிரைவர் சிரித்துவிட்டார். திரும்பி வந்துவிடலாம் என்று டீச்சரின் கையைப் பிடித்தவள், என்ன நினைத்தேனோ, "அக்கா, எங்க கிணத்துல பிள்ளையார் கரையாம உட்கார்ந்திருக்கார்" என்று சொல்லிவிட்டேன்.

"இன்னாது?"

"தண்ணியே இல்லக்கா. நாலு வாரமா அப்படியே இருக்கார். குடையோட."

தேவகி அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார். "நட, பாக்கலாம்" என்றார்.

கரையற வரைக்கும்

கம்பி வலையைத் திறந்து விட்டேன். தேவகி அக்கா குனிந்து பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய, சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபடியும் சிரித்தார்.

"இன்னா பேஜாரு பண்ணி வெச்சிகீறீங்க! சாமிய எறக்கி வுடறதுக்கு முன்னால தண்ணி கீதான்னு ஒருத்தர்கூடவா எட்டிப் பாக்கல?"

"பிள்ளையார் இன்னும் குளிக்கல அத்தை" என்றாள் நித்யா, புகார் சொல்லும் குரலில்.

"நீ சும்மாரு கண்ணு. உங்கம்மா குளிக்க வெப்பா" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சரி, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. இவுரு கரையற வரிக்கும் என் லாரி அந்தப் பள்ளத்துக்கு வராது. கரைஞ்ச மறுநாளு வரும். அதுக்கு மேல என்னைக் கேக்கக் கூடாது. இன்னா, சரியா?"

நான் வேகமாகத் தலையாட்டினேன். அவர் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மழை பெய்து கிணறு ஊறினால் பிள்ளையார் கரைவார். பிள்ளையார் கரைந்தால் பள்ளம் போய்விடும். பள்ளம் போனால் அடுத்த வருஷம் கிணறு ஊறாது. ஊறாவிட்டால் மாம்பலம்.

"இப்ப நான் மழை வேணும்னு வேண்டிக்கறதா, வேணாம்னு வேண்டிக்கறதா?" என்று டீச்சரைக் கேட்டேன்.

"ரெண்டையும் வேண்டிக்கோ. எது கரெக்ட்டுன்னு அவரே போட்டுப் பார்த்துப்பார்" என்றார் டீச்சர்.

மேடும் பள்ளமும்

எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். முதலில் கட்டியவர் தரையை ரோட்டைவிட ஒரு படி உயர்த்துவார். அடுத்து வருபவர் அதற்கு மேல் ஒரு படி. ரோடு போடுபவர்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு இன்னும் உயர்த்துவார்கள். மழை பெய்தால் ஒவ்வொரு வீடும் தன் தண்ணீரை அடுத்த வீட்டுக்கு மரியாதையாக அனுப்பி வைக்கும். வெயில் காலத்தில் அதே வீடுகள் காலிக் குடத்தோடு கைப்பம்பில் நிற்கும்.

அந்த வருஷம் தெருவே சேர்ந்து அதைத் தலைகீழாக்கிப் பார்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரப்பீஷ் அடைத்துக் கிடந்த தெருக் கால்வாயைச் சுத்தம் செய்து, அதன் வாயைப் பள்ளத்துப் பக்கம் திருப்பினோம். மொட்டை மாடித் தண்ணீர் தெருவில் விழும் குழாயை என் கணவர் வளைத்துக் கிணற்றோரம் கொண்டுவந்தார். அங்கே ஒரு குழி வெட்டி அடியில் உடைந்த செங்கல், அதன் மேல் ஜல்லி, அதன் மேல் மணல். உடைந்த செங்கல் தேவகி அக்கா அனுப்பியது. "எங்கனா கொட்டித்தான ஆவணும்" என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

"மாடியில காக்கா எச்சம் இருக்குமே, எல்லாம் கிணத்துக்குள்ள போகாதா?" என்று டீச்சர் கவலைப்பட்டார். கவலைப்படுவது என் வேலை என்பதால் அதற்கு நான் ஏற்கெனவே பதில் வைத்திருந்தேன். முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும். மாடியைக் கழுவிக்கொண்டு போகட்டும். இரண்டாவது மழையிலிருந்துதான் குழாயைக் குழிக்குத் திருப்புவது.

எல்லாம் முடிந்த பிறகு எனக்குப் புதிய கவலை வந்தது. பள்ளத்தில் தண்ணீர் நின்றால் பிள்ளைகள் விழுந்து வைத்தால்? மறுநாளே சீமைக் கருவேல முள்ளை வெட்டிவரச் செய்து பள்ளத்தைச் சுற்றி வேலி போட்டேன்.

"குட்டை வேணும்னு சண்டை போட்டதும் நீ, குட்டைக்கு யாரும் போகக் கூடாதுன்னு முள்ளு வெக்கறதும் நீ" என்று டீச்சர் சிரித்தார். சிரித்துவிட்டு, ஓர் இடைவெளியில் அவரே ஒரு முள்ளை இழுத்து வைத்தார்.

இதற்கிடையில் இரண்டு தடவை வெறும் தூறல் போட்டது. பிள்ளையார் நனையவில்லை. பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் பிள்ளையார் குடை பார்க்கிறேன். அது நிஜமாகவே ஒரு மழையைத் தடுத்தது அந்த ஒரு முறைதான். அந்த நாட்களில் வண்டலூரில் மிருகங்களைப் பார்க்கப் போனபோது யானை தும்பிக்கையால் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. "இந்தப் பிள்ளையாருக்கு மட்டும் தண்ணி இருக்கே" என்று நித்யா கத்தினாள். சுற்றி நின்றவர்கள் அவளைப் பக்திமான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஐப்பசி

ஒரு மத்தியானம் வெயில் சட்டென்று அணைந்தது. கொடியில் துணி படபடத்தது. மண் வாசனை முதலில் வந்தது, பிறகு காற்று, பிறகு மழை. பெரிய பெரிய சொட்டாக ஆரம்பித்து, பேசினால் கேட்காத அளவுக்கு இறங்கியது.

நான் நித்யாவுக்குத் தலையில் ஒரு துண்டைப் போட்டு, சளி பிடிக்குமே என்று உள்ளே தள்ளி, பிடித்தால் பிடிக்கட்டும் என்று மறுபடி வெளியே கூட்டி வந்தேன். எதிர் வீட்டு வாசலில் டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கால்வாயில் சிக்கிய இலைகளைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஒரு கணம் தயங்கி, சுழன்று, பள்ளத்துப் பக்கம் திரும்பியது. தெருப் பிள்ளைகள் "போவுது, போவுது!" என்று அதன் பின்னாலேயே ஓடினார்கள். நானும் ஓடினேன். முள்வேலிக்கு வெளியே நிறுத்துவதற்காக ஓடினேன் என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டேன்.

அடுத்தடுத்த நாட்களிலும் மழை விடவில்லை. குழாய் வழியாக மாடித் தண்ணீர் குழிக்குள் கொட்டும் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி இருந்தது. பள்ளம் பழுப்பு நிறத்தில் ததும்பியது. எங்கிருந்து வந்தனவோ, தவளைகள் கச்சேரி தொடங்கின.

கிணற்றில் தண்ணீர் பிள்ளையாரின் பாதத்தைத் தொட்டது. அடுத்த நாள் தொந்தி மறைந்தது. நான் வலையைப் பிடித்துக்கொண்டு, "ஏறு, ஏறு" என்று தண்ணீரிடமும், "கொஞ்சம் பொறுங்க" என்று அவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் அவரைக் காணோம். காகிதம் போய்விட்ட குடை மட்டும் தண்ணீரில் மிதந்து மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. ஈர்க்குச்சிகள் விரிந்தபடியே இருந்தன. அது நாளுக்கு நாள் மேலே மேலே வந்தது.

என் கணவர் ஒரு வாளி இறைத்துக் குடித்துப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு உள்ளே போய் மோட்டாருக்கு எண்ணெய் போட ஆரம்பித்தார். மாம்பலம் என்ற வார்த்தை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகைகளில் மட்டும்தான் வந்தது.

லாரி

ஆனால் எனக்கு ஒரு வாக்கு பாக்கி இருந்தது. பிள்ளையார் கரைந்துவிட்டதைத் தேவகி அக்காவிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் என்ன? அவருக்கு எப்படித் தெரியப் போகிறது? இப்படியே இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் நித்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டியபோது, அவரே குடையோடு வாசலில் நின்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "பிள்ளையார் குளிச்சு முடிச்சுட்டார் அத்தை!" என்று நித்யா கத்திவிட்டாள்.

தேவகி அக்கா கிணற்றடிக்குப் போனார். குடைக் குச்சி கைக்கு எட்டும் தூரத்தில் மிதந்தது.

"போன வருசம் பாதிப் பள்ளத்த ரொப்பினேன் இல்ல," என்றார் மெதுவாக. "பேஞ்ச ஒரு மழைக்கே தண்ணி எல்லாம் என் குடோனுக்குள்ள பூந்துகினு வந்துடுச்சு. சிமென்ட்டு மூட்ட அத்தினியும் கல்லாப் போச்சு. இந்த வருசம் இம்மாம் மழையில ஒரு மூட்ட நனையல."

"அப்ப லாரி...?" என்றேன்.

"வாக்குன்னா வாக்குதான் தங்கச்சி. இவுரு கரைஞ்சிட்டாரு, நான் மண்ணு கொட்டலாம்." முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னவர், என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அடுத்த வருசமும் ஒருத்தர எறக்கு. அவுரும் கரையட்டும். அப்புறம் பாத்துக்கலாம். இப்ப இன்னா அவசரம்?"

அப்படி ஆரம்பித்தது, வருஷம் தவறாமல் நடக்கிறது. சதுர்த்தி முடிந்ததும் தேவகி அக்கா வந்து நிற்பார், பிள்ளையாரை இறக்குவோம். "கரையற வரிக்கும்தான், ஞாபகம் வெச்சிக்க" என்று விரலை ஆட்டுவார். நிறைந்த கிணற்றில் பிள்ளையார் ஒரே நாளில் கரைந்துவிடுவார். லாரி வராது. பள்ளத்தைச் சுற்றி என் முள்வேலி மக்கிப்போய், அந்த இடத்தில் டீச்சர் நட்ட புங்கமரங்கள் நிற்கின்றன. நித்யா பள்ளிக்கூடம் போகிறாள். அவள் தம்பி வலையில் முகத்தை அழுத்திக்கொண்டு கிணற்றிடம் கேள்வி கேட்கிறான். நான் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன்.

இந்தச் சதுர்த்திக்கு நாங்கள் பிள்ளையார் வாங்கப் புறப்படும்போது, தேவகி அக்காவின் லாரி எங்கள் வாசலில் வந்து நின்றது. பள்ளத்துக்குத்தான் வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். முன்பக்கம் டிரைவருக்கு அருகில் தேவகி அக்கா. அவர் கட்டிப் பிடித்தபடி, நித்யா உயரத்துக்கு ஒரு களிமண் பிள்ளையார். எங்கள் கிணற்று வலையின் கதவு வழியாக அவர் இறங்கவே முடியாது. அத்தனை பெரிய தொந்தி.

"எதுக்குக்கா இவ்வளவு பெரிசு?" என்றேன்.

"கடக் கடயா ஏறி எறங்கினேன்" என்றார், பிள்ளையாரை இறக்க என் கணவரைக் கூப்பிட்டுக்கொண்டே. "எல்லாம் மெல்லிசா வெச்சிகினுகீறான். இதுதான் நல்லா கெட்டி. சீக்கிரத்துல கரையாது."